நாலரை மில்லிமீட்டர்

நீங்கள் இப்போது சொன்னது தவறு, சார். முன்பின் தெரியாதவரிடம் இப்படிப் பேச்சை ஆரம்பிக்கக் கூடாதுதான், மன்னிக்க வேண்டும். ஆனால் சில தவறுகளைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் நாமும் அதற்கு உடந்தையாகிவிடுவோம். புருவத்து முடியை எடுக்க எடுக்க அடர்த்தியாக வளரும் என்றீர்கள். இந்தப் பாளையங்கோட்டையில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். என் மாமியார் கடைசிவரை நம்பினார். வளராது. மழித்தால் முடியின் நுனி மொட்டையாகிறது, அதனால் முளைக்கும்போது தடித்தது போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான். வேரோடு பிடுங்கினால் அந்தத் தோற்றம்கூடக் கிடையாது. பிடுங்கப் பிடுங்க வேருக்கே சலித்துப்போகும். இளவயதில் திரும்பி வரும். நடுவயதில் யோசித்துவிட்டு வரும். அறுபத்தைந்து வயதில் வரலாம், வராமலும் இருக்கலாம், அது அதன் இஷ்டம். இதையெல்லாம் நான் மூன்று புத்தகங்களிலும் ஒரு தோல் டாக்டரிடமும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். விசாரித்தது காரியம் எல்லாம் முடிந்த பிறகு என்பதுதான் இதில் ஒரு சின்னக் குறை.

உங்கள் வீட்டம்மா பார்லருக்கு உள்ளே போய் எவ்வளவு நேரம் ஆகிறது? இப்போதுதானா. ஃபேஷியல் என்றால் முக்கால் மணி நேரம் ஆகும். அந்த நாற்காலியில் கால் ஒன்று ஆடும், இதில் உட்காருங்கள். என் வீட்டில் உள்ளே போய் இருபது நிமிடம் ஆகிவிட்டது. ஐப்ரோவுக்கு ஏழு நிமிடம்தான். இருபது நிமிடம் என்றால் உள்ளே ஏதோ ஆலோசனை நடக்கிறது. போய்க் கேட்கவும் முடியாது. ஆண்களுக்கு அனுமதி இல்லை என்று கதவில் போர்டு இருக்கிறதே, அது நம் எல்லோருக்கும் பொது. எனக்கு மட்டும் அதற்கு மேல் தனியாக ஒரு வாய்மொழி உத்தரவும் உண்டு.

வருகிற வியாழக்கிழமை எனக்கு எழுபதாம் கல்யாணம். பீமரத சாந்தி என்பார்கள். பெஞ்சாதிக்கு மறுபடி தாலி கட்ட வேண்டும். முந்நூறு பேரைக் கூப்பிட்டாயிற்று. மகள் சங்கரி புனேயிலிருந்து புதன்கிழமை வருகிறாள். பந்தல்காரர், சமையல்காரர், ஐயர், எல்லோருக்கும் சொல்லியாயிற்று. கல்யாணப் பெண் மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. சிரிக்காதீர்கள் சார், நிஜமாகத்தான் சொல்கிறேன். "ஜெபா ஒரு தடவை பாக்கட்டும். அதுக்கப்புறம் நான் கண்ணாடியில பாத்துட்டுச் சொல்லுதேன், மணையில உக்காருவேனா மாட்டேனான்னு." இப்படிச் சொல்லிவிட்டுத்தான் பார்லர்க்கார ஜெபராணியிடம் உள்ளே போயிருக்கிறாள். ஆக, என் கல்யாணம் இப்போது அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடியில் இருக்கிறது.

என் பெயர் ஆவுடையப்பன். முப்பத்தாறு வருடம் சர்வே ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன். நிலத்தை அளக்கிறவர் வேறு, நான் அதைக் காகிதத்தில் வரைகிறவன். அவர் வெயிலில் நின்று எழுதிக்கொண்டு வரும் எண்களை வைத்து நான் கோடு போடுவேன். என் கோட்டைப் பார்த்து ஒருவரும் இதுவரை குறை சொன்னதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். என் மனைவி பிரம்மநாயகி. எல்லோருக்கும் பிரமு. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போதும் சாயங்காலம் ஆறேழு பிள்ளைகள் வீட்டுக்கு ட்யூஷன் வருகின்றன.

இருபத்தேழு வருடமாக இந்த ஜெபராணியிடம்தான் ஐப்ரோ. முதலில் ஜெபராணி வீட்டில் வைத்துச் செய்துகொண்டிருந்தாள், பிறகு இந்த மாடிக்கு வந்தாள். இருபது நாளுக்கு ஒரு தடவை நான் வண்டியில் கொண்டுவந்து விடுவேன், இங்கேயே உட்கார்ந்திருப்பேன், கூட்டிக்கொண்டு போவேன். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுபாதியை விரல்களில் முறுக்கிச் செய்கிற வேலை அது. பல்லில் நூல் இருப்பதால் வாய் திறந்து பேச முடியாது. இருந்தாலும் ஜெபராணி பல்லைக் கடித்தபடியே ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பாள். "இழுத்துப் பிடிங்க டீச்சர். இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க." இந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி இருபத்தேழு வருடமாக அதைக் கேட்டிருக்கிறேன். எதை இழுத்து, ஏன் பிடிக்க வேண்டும் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

போன ஐப்பசியில் பிரமு சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். மறுநாள் காலையில் காபியைக் குடித்தால் இடது பக்கமாக வழிகிறது. "என்னங்க, சீனி போடலியா?" என்றாள். போட்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். முகத்தில் இடது பாதி இறங்கிவிட்டிருந்தது, சார். வாய்க்கோடி இறங்கி, கன்னம் இறங்கி, புருவம் இறங்கி. முகவாதம். ஜன்னல் காற்றுதான் காரணம் என்று ஊரே சொல்லிற்று. அதுவும் சரியில்லை, அதை இன்னொரு நாள் திருத்துகிறேன்.

நரம்பு டாக்டர் நல்ல மனிதர். "ஒரு நரம்பு வீங்கியிருக்கு, அவ்வளவுதான். மாத்திரை சாப்பிடட்டும், பலூன் ஊதட்டும். மூணு மாசத்துல முகம் தன்னால பழைய இடத்துக்கு வந்துரும். பெரும்பாலானவங்களுக்கு முழுசாவே சரியாயிரும்" என்றார்.

"பெரும்பாலானவங்க போக மீதிப் பேருக்கு, டாக்டர்?" என்று கேட்டேன்.

"மீதியைப் பத்தி நீங்க ஏன் சார் இப்பவே நினைக்கீங்க?"

எங்கள் ஆபீசில் மீதியைத்தான் முதலில் பார்ப்போம். நிலத்தின் எல்லா உட்பிரிவையும் கூட்டிக் கழித்த பிறகு மீதி எங்கே போயிற்று என்பதுதான் கேள்வியே.

இடது கண் மூடாது. படுக்கப் போகும்போது இமையை விரலால் இறக்கி, குறுக்கே காகித டேப் ஒட்ட வேண்டும். நான்தான் ஒட்டுவேன். நேராக ஒட்டுவேன், அதில் என் கை சுத்தம். ஒட்டிவிட்டு விளக்கை அணைக்கும் முன் ஒரு தடவை பார்ப்பேன். அந்தப் பாதி முகத்துக்கு என்னைத் தெரிந்த மாதிரியே இருக்காது, சார். நாற்பத்து நாலு வருடம் பார்த்த முகம். சரி, அதை விடுங்கள்.

அழைப்பிதழ் வேலை அப்போதுதான் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற போட்டோவைப் போட்டுத்தான் அடிக்க வேண்டும் என்று சங்கரிக்குப் பிடிவாதம். பழைய போட்டோ கூடாதாம், அவள் சிநேகிதிகள் எல்லாம் புதிதாக எடுத்துத்தான் போடுகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டோக்காரரைப் புனேயிலிருந்தே ஏற்பாடு செய்துவிட்டாள். பிரமு வெள்ளிக்கிழமை இங்கே வந்தாள். ஜெபராணி நூலையே எடுக்கவில்லை. "டீச்சர், முகம் முதல்ல திரும்பட்டும். இப்ப கை வச்சா எது மேடு எது பள்ளம்னு எனக்கே தெரியாது. பிறவு கோணிப்போச்சுன்னு என்னைச் சொல்லக் கூடாது" என்று அனுப்பிவிட்டாள். அப்போது அவள் சொன்னது ஒரு சாக்கு என்று எனக்குப் பட்டது. கைக்கு நம்பிக்கை போய்விட்டால் தொழில்காரர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

"போட்டோ வேண்டாம்னு சங்கரிட்ட சொல்லிருவோம்" என்றாள் பிரமு.

"நான் சரி பண்ணித் தாரேன்" என்றேன்.

"நீங்களா?"

அப்போது அவளால் ஒரு புருவத்தைத்தான் தூக்க முடியும். வலது. அதைத் தூக்கினாள்.

"ரெண்டு கோடு, பிரமு. ரெண்டு கோட்டை ஒரு மட்டத்துக்குக் கொண்டுவரணும். முப்பத்தாறு வருஷம் வேறென்ன செஞ்சேன் நான்?"

வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஆனால் போட்டோக்காரர் வருவது நிச்சயமாகிவிட்டது, சங்கரி மூன்று தடவை போன் போட்டுவிட்டாள், கண்ணாடியில் பார்த்தால் இரண்டு புருவமும் மாடிப்படி மாதிரி இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வடக்கு வெளிச்சம் விழுகிற ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டேன். முதலில் அளவு. மூக்குத்தண்டை நேர்கோடாக வைத்துக்கொண்டு, இரண்டு கண்ணின் உள்முனையையும் சேர்த்துக் குறுக்குக்கோடு. அங்கிருந்து இடது புருவம் வலதைவிட நாலரை மில்லிமீட்டர் கீழே. சின்ன அளவுதானே என்று நினைப்பீர்கள். ஒன்றுக்கு ஆயிரம் என்ற அளவில் வரைந்த படத்தில் நாலரை மில்லிமீட்டர் என்பது நாலரை மீட்டர். நடுவில் ஒரு தெரு போகும், சார். வெள்ளைத்தாளில் முகத்தைப் படமாக வரைந்து, எண்களைக் குறித்து, ஓரத்தில் தேதியும் என் சுருக்கொப்பமும் போட்டேன். பிறகு வித்தியாசத்தைப் பாதியாகப் பிரித்தேன். இடது புருவத்தில் கீழ்வரிசையை எடுத்துவிட்டால் புருவம் மேலே ஏறின மாதிரி தோன்றும். வலதில் மேல்வரிசையை எடுத்தால் கொஞ்சம் இறங்கும். நடுவில் இரண்டும் சந்தித்துக்கொள்ளும். சமரசம். இதில் என்ன தவறு இருக்கிறது, சொல்லுங்கள்.

மருந்துக்கடையில் பிளக்கர் வாங்கினேன். அகராதியில் சாமணம் என்று இருக்கிறது. சாமணம் கொடுங்கள் என்றால் கடையில் விழிக்கிறார்கள். ஒவ்வொரு முடியாக எடுத்தேன். அங்கேதான் ஒரு விஷயம் தெரிந்தது. காகிதம் மேசையில் போட்ட இடத்தில் கிடக்கும், தோல் கிடக்காது. முடியைப் பிடித்து இழுத்தால் தோலும் கூடவே எழுந்து வருகிறது, சின்னக் கூடாரம் மாதிரி. விட்டால் உடனே படியவும் இல்லை. மெல்ல, தனக்குத் தோன்றும்போது படிகிறது.

"வலிக்கா, பிரமு?"

"அசைவுதான் போச்சு. உணர்ச்சியெல்லாம் அப்படியேதான் இருக்கு."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் ஆயிற்று. விட்ட இடத்தில் பென்சிலால் லேசாக நிரப்பினேன். அளவுகோலை வைத்துப் பார்த்தேன். தலைமுடி அளவுகூட வித்தியாசம் இல்லை. கண்ணாடியைக் கொடுத்தேன். இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். "சரியாத்தான் இருக்கு" என்றாள். முகவாதம் வந்த நாளிலிருந்து தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு உள்ளேயே கிடந்தவள், அன்றைக்கு மயில்கழுத்து நிறப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். போட்டோக்காரர், "அம்மா கொஞ்சம் சிரிக்கணும்" என்றார். "அது இப்ப பாதிதான் வரும், பரவாயில்லியா?" என்று கேட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எந்தக் குறையும் கிடையாது, சார். அதை மட்டும் யாரும் மறுக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை பிடுங்கின இடமெல்லாம் கடுகு கடுகாகத் தடித்தது. வயசுத் தோல் மெல்லிசு, ஆறுவதற்கு அவசரப்படாது என்று பிற்பாடு தோல் டாக்டர் சொன்னார். மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. ஆறின இடம் கருத்தது. இடது புருவத்துக்குக் கீழே இன்னொரு புருவத்தின் நிழல் மாதிரி ஒரு கருப்புப் பட்டை. கற்றாழை தடவினோம். கற்றாழை தன் வேலையைச் செய்தது, பட்டை தன் வேலையைச் செய்தது.

மார்கழி பிறந்தது. அவள் தினமும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பலூன் ஊதுவாள், அ, ஈ, ஊ சொல்லுவாள். நான் பக்கத்தில் அளவுகோலோடு இருப்பேன். ஒரு நாள் கன்னம் அசைந்தது. மறுநாள் கண் பாதி மூடிற்று. பிறகு டேப் தேவையில்லை என்று ஆயிற்று. புருவம் முதல் வாரம் ஒரு மில்லிமீட்டர் ஏறியது, அடுத்த வாரம் இன்னும் ஒன்றரை. நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். குறிக்கிறபோதுதான் எனக்குக் கணக்கு உதைக்க ஆரம்பித்தது.

புரிகிறதா? டாக்டர் சொன்ன மாதிரியே முகம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஒரு குறையும் இல்லாமல் வந்துவிட்டது. ஆனால் நான் புருவத்தை இறங்கின முகத்துக்கல்லவா மட்டம் பண்ணியிருந்தேன். முகம் ஏறினதும் இடது புருவம் மேலே போய்விட்டது. வலது, நான் இறக்கிவைத்த இடத்தில் கீழே நிற்கிறது. அதே நாலரை மில்லிமீட்டர், இப்போது எதிர்ப்பக்கம். முகம் நேராக நேராகப் புருவம் கோணலாயிற்று. டாக்டர் அவளைப் பார்த்து, "பிரமாதம்மா" என்று கைதட்டினார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடது புருவம் இருக்கிறதே, சார், அது எப்போதும் தூக்கினபடி நிற்கிறது. "அப்படியா?" என்று கேட்கிற மாதிரி. அவள் ஒன்றும் நினைக்காமல் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாலும் முகம் "அப்படியா?" என்று கேட்கும். ட்யூஷனுக்கு வருகிற ஒரு பெண்பிள்ளை நோட்டை நீட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்த்ததும், "நான் பாத்து எழுதல டீச்சர், மூணாவது கணக்கு மட்டுந்தான் டீச்சர்" என்று அழுதுவிட்டது. காய்கறிக்காரர் எடை போட்டுவிட்டு முகத்தைப் பார்த்து இன்னும் இரண்டு கத்தரிக்காயை அள்ளிப் போடுகிறார். என் தங்கை ஒருத்தி, வந்த பத்தாவது நிமிடத்தில், "மைனி, நான் சங்கரி கல்யாணத்துல அப்படிப் பேசினது தப்புதான்" என்றாள். பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய சமாச்சாரம்.

நானும் தப்பவில்லை. ஒரு நாள் காலை, "பால் வாங்கியாச்சா?" என்று கேட்டாள். வாங்கியாச்சு என்றேன். புருவம் நிற்கிறது. அரை லிட்டர் என்றேன். நிற்கிறது. வழக்கமான கடை மூடியிருந்தது, வேறு கடையில் வாங்கினேன் என்றேன். நிற்கிறது. எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. "உன் சொதியில எப்பவுமே இஞ்சி தூக்கலா இருக்கும், பிரமு. கல்யாணம் ஆன நாள்லேருந்து. நல்லா இருக்குன்னு நான் சொன்னதெல்லாம் பொய்" என்றேன்.

"நான் பால் வாங்கியாச்சான்னுதான கேட்டேன்" என்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சொதி வைக்கவில்லை.

பொங்கலுக்கு முன்னால், வீட்டை ஒதுங்க வைக்கும்போது, அந்தப் படம் அவள் கையில் கிடைத்தது. நான் வரைந்தேனே, முகம், அளவுகளோடு. அலமாரியில் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் என் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இங்கேருங்க, இது என்ன?"

"அளவு எடுத்த படம்."

"மேல என்ன எழுதியிருக்கு?"

பார்த்தேன். இறுதிப் படம் என்று எழுதியிருந்தது. என் கையெழுத்துதான். அழகாக இருந்தது.

"எல்லாப் படத்துலயும் அப்படித்தான் தலைப்பு போடுவோம். நகல் படம், இறுதிப் படம். ஆபீஸ் பழக்கம்."

"டாக்டர் மூணு மாசம்னு சொன்னாரே. நீங்களும்தான பக்கத்துல உக்காந்திருந்தீங்க."

"இருந்தேன்."

"அப்போ என் முகம் இனிமே இப்படித்தான்னு முடிவு பண்ணிட்டீங்க."

"அளவு எடுத்த தேதியில் உள்ள நிலவரப்படி அது சரியாகத்தான் இருந்தது, பிரமு. கீழே தேதி போட்டிருக்கேன், பாரு."

தேதியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அது உண்மையில் தூக்கின புருவமா, நான் தூக்கிவைத்த புருவமா என்று எனக்குத் தெரியவில்லை, சார். இதில் உள்ள கஷ்டமே அதுதான். அன்றைக்குத்தான் சொன்னாள்: "முந்நூறு பத்திரிகையிலயும் ஒருத்தி உங்க பக்கத்துல நிக்காளே. அவளையே கூப்பிட்டு மணையில உக்கார வச்சுக்கிடுங்க."

சொன்னதோடு சரி. சண்டை கிடையாது. சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்துத் தருகிறாள், சட்டைக்குப் பொத்தான் தைக்கிறாள். அவள் சண்டை போட்டால் நான் பதில் சொல்லிவிடுவேன். பதில்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

அவசரமாக இங்கே கூட்டிக்கொண்டு வந்தேன். இது இரண்டு வாரத்துக்கு முன்னால். உள்ளே வேறு யாரும் இல்லாததால் ஜெபராணி என்னையும் கூப்பிட்டாள். இருபத்தேழு வருடத்தில் முதல் தடவை. முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"யாரு டீச்சர் கை வச்சது?"

பிரமு என் பக்கம் கையைக் காட்டினாள்.

"என்ன சார் செஞ்சு வச்சிருக்கிய. தோலை இழுத்துப் பிடிச்சியளா?"

"இல்லை."

"பிறவு எப்படி எடுத்திய? இந்த வயசுல தோலு நனைஞ்ச அப்பளம் மாதிரில்லா இருக்கும். ரெண்டு விரல் வச்சுப் படத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி இறுக்கிப் பிடிச்சாத்தான் முடி மட்டும் வரும். நான் ஒவ்வொரு தடவையும் கத்துதேனே, வெளிய உக்காந்து கேக்கீங்கல்லா?"

"கேட்பேன்."

"கேட்டு?"

அப்புறம் ஜெபராணி வலது புருவத்தை நூலால் தொட்டாவது உயர்த்த முடியுமா என்று பார்த்தாள். உயர்த்த வேண்டுமானால் மேலே முடி வேண்டும். மேலேயுள்ளதை நான் எடுத்துவிட்டேன். இடதை இறக்க வேண்டுமானால் கீழே முடி வேண்டும். கீழேயுள்ளதையும் நான் எடுத்துவிட்டேன். முளைத்தால்தான் உண்டு. விளக்கெண்ணெய் தடவச் சொன்னாள். விளக்கெண்ணெய் தடவினால் முடி முளைக்கும் என்பதற்கு ஆதாரம் போதாது என்று நான் எடுத்துச்சொன்னேன். அப்போதுதான் அந்த வாய்மொழி உத்தரவு பிறந்தது.

ஆதாரம் இல்லாவிட்டாலும் தினமும் இரண்டு வேளை நான்தான் தடவிவிடுகிறேன். இப்போது தோலை இழுத்துப் பிடிக்கத் தெரியும் எனக்கு. நெற்றியில் இந்தக் கட்டைவிரல், இமைக்கு மேல் இந்த விரல். பிடித்தால் சுருக்கமெல்லாம் மறைந்து ஒரு நொடி வழவழவென்று ஆகிவிடும். விட்டால் பழையபடி. இன்று காலை வரை இடது புருவத்தில் ஏழு முடி வந்திருக்கிறது. ஐந்து வெள்ளை.

சங்கரியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அளவு, தேதி, ஆபீஸ் பழக்கம், எல்லாம். "அப்பா, அம்மா கேக்கது அது இல்லப்பா" என்றாள். வேறு எது என்று கேட்டேன். "அதையும் நான்தான் சொல்லணுமா?" என்று வைத்துவிட்டாள். அம்மாவும் மகளும் இப்படித்தான், கேள்வியைச் சொல்லாமல் பதிலைக் கேட்பார்கள்.

நானாக ஒரு முயற்சி செய்து பார்த்தேன். படத்தை எடுத்து, இறுதி என்ற சொல்லை ரப்பரால் அழித்துவிட்டு, தற்காலிகம் என்று எழுதி, மறுபடி அவள் பார்க்கிற இடத்தில் வைத்தேன். மசியில் எழுதியது, அழித்த இடத்தில் காகிதம் கொஞ்சம் நைந்துவிட்டது. பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், முகம் எப்போதும் ஒரே கேள்வியையே கேட்டுக்கொண்டிருக்கிறது.

நீங்கள் சொல்லுங்கள், சார். பத்தில் ஒன்றிரண்டு பேருக்குச் சரியாகாது என்றால், அந்த ஒன்றிரண்டில் இவள் இருக்கமாட்டாள் என்று எப்படி நினைப்பது? நான் அப்படி நினைக்கத் தெரியாதவன். அந்த முகம் அப்படியே நின்றுபோனாலும் அதோடு அவள் நாலு பேர் முன்னால் வந்து நிற்க வேண்டுமே என்றுதான் உட்கார்ந்து இரண்டு மணி நேரம்... இதை அவளிடம் சொன்னேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவள் தேதியைப் பற்றியல்லவா பேசிக்கொண்டிருந்தாள். இல்லை, தேதியைப் பற்றிப் பேசியது நான். ஆமாம், நான்தான்.

இருங்கள். தாழ்ப்பாள் சத்தம்.

வா, பிரமு. சும்மா பேசிக்கொண்டிருந்தோம், இவர் வீட்டிலும் உள்ளே இருக்கிறார்கள். இல்லை, ஒன்றும் சொல்லவில்லை. பொதுவாகத்தான். ஜெபராணி பென்சிலால் வரைந்து தருகிறேன் என்றாளே, ஒன்றும் காணோமே. வரைந்தாளா? நீயே துடைத்துவிட்டாயா? சரி.

நான் சொல்கிறேன், பிரமு. இப்படி வெளிச்சத்துக்கு வந்து நில்லு, நான் பார்த்துச் சொல்கிறேன். என்னைக் கேட்கவில்லையா?

சார், உங்களைத்தான் கேட்கிறாள். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று. நீங்கள் தயங்க வேண்டாம், அவள் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டாள். இல்லை பிரமு, நான் இடையில் பேசவில்லை. அவரே சொல்லட்டும்.

இடது கொஞ்சம் மேலே. ம். அப்படியே சொல்லிவிட்டீர்கள்.

சிரிக்கிறாள், சார். இரண்டு பக்கமும் வருகிறது, பாருங்கள். உள்ளதைச் சொன்னதற்கு உங்களுக்கு நன்றி என்கிறாள். வியாழக்கிழமை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள் முகூர்த்தமாம், வீட்டிலும் கூட்டிக்கொண்டு அவசியம் வந்துவிடச் சொல்கிறாள். அப்படியென்றால், பிரமு, நீ... சரி. சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை.

உட்காருகிறாளாம், சார்.

வியாழக்கிழமைக்குச் சொல்லிவைத்திருந்த போட்டோக்காரருக்கு உள்ளேயிருந்தே போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.